சுருட்டை முடியை நேராக்காமல் தளர்த்துவது எப்படி? கிரீம் தேர்விலிருந்து வேர் வளர்வது வரை

“நேரா வேண்டாங்க்கா, கொஞ்சம் அடங்குனாப் போதும்.” சுருட்டை முடியோடு பார்லருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது இதைத்தான். கேட்பது சுலபம், செய்வதுதான் சிரமம். கடைகளில் இருக்கும் கிரீம்கள் பெரும்பாலும் முடியை முழுக்க நேராக்குவதற்கென்றே தயாரானவை. அந்த வேலையைப் பாதி வழியில், சரியான நேரத்தில் நிறுத்தினால்தான் சுருள் இருந்தபடியே தளரும். எல்லா மருந்தையும் அப்படி நிறுத்திவிட முடியாது. எதை நிறுத்தலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று தெரிந்துகொண்டு பார்லர் படி ஏறுங்கள்.

சேலத்தில் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் விலைப் பட்டியலில் ஏழெட்டுப் பெயர் இருக்கும்: ஸ்மூத்னிங், ஸ்ட்ரெய்ட்னிங், ரீபாண்டிங், கெரட்டின், சிஸ்டீன், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா. இந்தப் பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு கடையில் ஸ்மூத்னிங் என்றால் தயோ என்கிற மருந்து கலந்த கிரீம் (மூன்றாவது பகுதியில் வரும்). பக்கத்துக் கடையில் அதே பெயருக்கு அமிலம் கலந்த வேறொரு பாட்டில் வரும். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1. கிரீமுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

சேலம் மாக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. கீசர் காயிலிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிற அதே கால்சியமும் மக்னீசியமும் முடியிலும் படியும். படிந்த முடி சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக விறைத்து நிற்கும். ‘சுருட்டை அடங்க மாட்டேங்குது’ என்று வருகிற பலருக்குச் சுருட்டையில் குறையே இருக்காது, தண்ணீரில்தான் இருக்கும்.

ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். தலைக்குக் குளிக்கிற நாளில் கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூர் தண்ணீர் (குழாயில் வரும் காவிரித் தண்ணீர்) ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உப்புப் படிவை எடுக்கிற இடிடிஏ கலந்த ஷாம்பு போடுங்கள். சிக்கு எடுப்பது முடி ஈரமாக, கண்டிஷனரோடு இருக்கும்போது மட்டும், அதுவும் அகலப் பல் சீப்பால். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு சீவினால் சுருள் கலைந்து பஞ்சாகப் பறக்கும், அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. இந்த ஒரு மாதத்தில் முடி அடங்கிவிட்டால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம், காசு மிச்சம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிக்கடி மூடுபனி. அடிவாரத்தில் அயர்ன் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பழைய சுருட்டையோடு இறங்குவார். காரணம் இதுதான். முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணீர் பட்டாலோ சூடு பட்டாலோ விட்டுவிடும், காய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அயர்ன், ப்ளோ ட்ரை எல்லாம் இதைத்தான் தொடுகின்றன, அதனால் காற்றில் ஈரம் இருந்தாலே கலைந்துவிடும். இன்னொன்று இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்திருக்கிற டைசல்ஃபைடு பிணைப்பு. அதைத் தண்ணீராலும் சூட்டாலும் எளிதில் அசைக்க முடியாது, மருந்துதான் வேண்டும். மலைமேல் இருப்பவர்கள் அயர்னை நம்பிப் பயனில்லை என்று சொல்வதும், மூடுபனியிலும் தளர்ந்தபடியே இருக்க வேண்டும் என்று கேட்பதும் இதனால் நியாயம்தான்.

2. முடியின் சரித்திரத்தை எழுதி வையுங்கள்

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் வேரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நுனி ஐந்து வருடத்துக்கு முன்னால் முளைத்தது. அக்கா கல்யாணத்துக்கு அடித்த கலர் அதில் இன்னும் இருக்கும். ‘அதெல்லாம் எப்பவோ செஞ்சது’ என்று பார்லரில் சொல்வது ஆபத்தான பதில். நுனி வரைக்கும் உள்ள காலத்தில் செய்ததையெல்லாம் சொல்ல வேண்டும்: கலர், ப்ளீச், ஹைலைட், ரீபாண்டிங், மருதாணி, கருப்பு மருதாணிப் பொடி, எல்லாமும்.

மருதாணி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டு மரத்து இலையை அரைத்துப் பூசுகிறவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. அது முடியின் மேல் ஒரு பூச்சாகப் பிடித்துக்கொண்டு கிரீம் சீராக உள்ளே போவதைத் தடுக்கும், விளைவு அங்கங்கே திட்டுத்திட்டாக வரும், அவ்வளவுதான். கடையில் வாங்குகிற ‘இன்ஸ்டன்ட்’ பொடிகள் அப்படியல்ல. சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகி, தொட்ட இடத்தில் அறுந்து விழும். நேராக்கும் வேலையின் கடைசிப் படியில் போடுகிற நியூட்ரலைசரே பெரும்பாலும் பெராக்சைடுதான். சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம்: உதிர்ந்த முடியையோ பின்கழுத்தில் வெட்டிய சின்னக் கற்றையையோ கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, 20 வால்யூம் வீரியமுள்ள பெராக்சைடு இருபது பங்குக்கு அமோனியா ஒரு பங்கு ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். நுரைத்தாலோ, கிண்ணம் சூடானாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ அந்த முடிக்கு எந்த மருந்தும் கூடாது. இதை வீட்டில் செய்ய வேண்டாம், பார்லரில் செய்யச் சொல்லுங்கள். ‘என்ன டெஸ்ட் அது?’ என்று கேட்கிற பார்லரில் வேறு எதையும் செய்துகொள்ள வேண்டாம்.

அடுத்தது பலம். ஈரமான ஒற்றை முடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். இழுத்தபடியே நீண்டு திரும்பாமல் கிடந்தாலோ, நீளாமலே பட்டென்று அறுந்தாலோ ஆறு மாதம் பொறுங்கள்.

தலையில் புண், சொறிந்த காயம், சொரியாசிஸ் இருந்தால் ஆறிய பிறகுதான். பார்லரில் கேட்டுத் தெளிவாகிற விஷயமல்ல இது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ தெரிந்த தோல் மருத்துவரிடமோ காட்டிவிட்டு வாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது இயல்பு. அந்த நேரத்தில் கிரீம் போட்டுவிட்டு, கொட்டுவதெல்லாம் கிரீமால் என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

3. டப்பாவுக்குள் இருப்பது நான்கில் ஒன்று

எத்தனை பெயர் சொன்னாலும், சுருளைத் தளர்த்துகிற மருந்துகள் நான்கு குடும்பத்துக்குள் அடங்கும்.

முதலாவது தயோ. லேபிளில் அம்மோனியம் தயோகிளைகோலேட் அல்லது தயோகிளைகோலிக் ஆசிட் என்று இருக்கும். காரத்தன்மை பிஹெச் 9-இலிருந்து 9.5 வரை. முடியின் மேல்தோலை உப்ப வைத்து உள்ளே போய், கந்தகக் கைகோப்பைப் பிரித்துவிடும். பிரிந்த பிணைப்புகளை நியூட்ரலைசர் மறுபடி கோத்துவிடும். இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள்: நியூட்ரலைசர் போடும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுவே நிலைத்த வடிவம். கிரீமை அலசிவிட்டு, தட்டையாக அயர்ன் போட்டு, பிறகு நியூட்ரலைசர் போட்டால் அது ரீபாண்டிங். அயர்ன் போடாமல், பெரிய ரோலரில் சுற்றியோ விரலால் நீவி லேசாக உலர்த்தியோ நியூட்ரலைசர் போட்டால் தளர்ந்த சுருள். கிரீம் ஒன்றே, நடுவில் செய்கிற வேலைதான் வேறு. தளர்த்தக் கேட்டு வந்தவர் குச்சி முடியோடு திரும்புவது பெரும்பாலும் இந்த நடுப்படியில் கை பழக்கத்தில் அயர்னை எடுத்துவிடுவதால்தான்.

தயோவில் பல வீரியம் உண்டு. முரட்டு முடிக்கு, சாதாரண முடிக்கு, கலர் செய்த முடிக்கு என்று பெட்டியிலேயே பிரித்திருப்பார்கள். தளர்த்துவது மட்டும் நோக்கம் என்றால் உங்கள் முடிக்குச் சொல்லப்பட்டதைவிட ஒரு படி குறைந்ததைக் கேளுங்கள்.

இரண்டாவது சிஸ்டமைன், சிஸ்டீன் வகை. இதுவும் அதே கந்தகப் பிணைப்பைத்தான் பிரிக்கும், ஆனால் தயோவைவிடச் சாது. காரம் குறைவு, வேகம் குறைவு, விளைவும் குறைவு. அலை முடிக்கும் மெல்லிய சுருளுக்கும் இது போதும். நெருக்கமான சுருளில் செய்தால் செய்த மாதிரியே தெரியாது. சிஸ்டமைனுக்கு ஒரு வாடை உண்டு. சில நாள் கழித்தும் முடி நனையும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும், மூக்குக் கூர்மையானவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் பலகையில் ‘சிஸ்டீன் ட்ரீட்மென்ட்’ என்று இருப்பதெல்லாம் இந்தக் குடும்பமல்ல. லேபிளில் கிளையாக்ஸிலாயில் கார்போசிஸ்டீன் என்று இருந்தால் அது நான்காம் குடும்பத்துக்காரர், பெயரில் மட்டும் உறவு.

மூன்றாவது ஹைட்ராக்சைடு: சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்து செய்கிற ‘நோ-லை’ ரிலாக்ஸர். பிஹெச் 12-க்கு மேல். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மிக நெருக்கமான சுருளுக்காக வந்தது. அதையே குறைந்த நேரம் வைத்து எடுப்பதைத்தான் டெக்ஸ்சரைசர் என்பார்கள். ‘மைல்டு’ என்று பெட்டியில் போட்டு ஆன்லைனில் கிடைக்கிறது. நம் முடிக்கு இது அதிகப்படி. தயோ பிரித்துக் கோக்கிறது, ஹைட்ராக்சைடோ ஒரு கந்தகத்தையே பிடுங்கி எறிந்துவிடுகிறது, திரும்பக் கோக்க வழியில்லை. இன்னொரு சிக்கல், தயோவும் ஹைட்ராக்சைடும் ஒரே முடியில் சேரவே கூடாது. ஒன்று செய்த முடிமேல் இன்னொன்று பட்டால் முடி பாதியில் முறியும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவுக்காரர் அங்கே ரிலாக்ஸர் போட்டிருந்தால், இங்கே ஸ்மூத்னிங் செய்வதற்கு முன் அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

நான்காவது, அமிலமும் சூடும். கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று விற்பதில் பெரும்பகுதி இது. ஹேர் போடாக்ஸில் போடாக்ஸ் ஊசி மருந்து எதுவும் கிடையாது, பெயர் மட்டும்தான். கெரட்டின் என்று ஊற்றுகிற புரதம் புது முடியாகவும் மாறாது, மேலே மெல்லிய படலமாக நிற்கும். சுருளை அடக்குகிற வேலையைச் செய்வது கூடவே இருக்கும் ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்ஸிலிக் அமிலமும், 230 டிகிரிக்குப் பக்கத்தில் ஓட்டுகிற அயர்னும்தான். நான்கைந்து மாதத்தில் கழுவிக் கழுவிப் போய்விடும் என்பதால் ‘மைல்டு’ என்று இதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

நான் காட்ட மாட்டேன். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே முதல் வகுப்பில் சேர்த்தாயிற்று. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று லேபிளில் போட்டு விற்ற பாட்டில்களில் அது இருந்ததை 2011-இல் அமெரிக்க அரசுத் துறைகளே எச்சரித்தன. மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின் என்று வேறு பெயரில் எழுதியிருந்தாலும் சூடேறியதும் வெளிவருவது அதே ஆவிதான். கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையில் கண் எரிந்து தொண்டை கமறுகிறது என்றால் அது ‘புரோட்டீன் புகை’ அல்ல.

அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலத்தின் கதை இன்னும் கவலை தருவது. 2024-இல் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பு: 26 வயதுப் பெண், 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டது. போட்ட கிரீமில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. எலியின் தோலில் பூசிப் பார்த்தபோதும் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தெரிந்தன. இஸ்ரேலில் இப்படிப் பாதிக்கப்பட்ட 26 பேரைப் பற்றி 2023-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எத்தனையோ பேர் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் சுருள் கொஞ்சம் அடங்குவதற்காக எடுக்கிற அபாயம் இதுவல்ல. ஏற்கெனவே செய்துகொண்டவர்களுக்கு அடுத்த சில நாளில் வாந்தி, இடுப்பு வலி, வயிற்று வலி, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் மருத்துவரிடம் ‘முடிக்கு இதைப் போட்டேன்’ என்று பாட்டில் படத்தோடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் முடியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

பொதுவாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்கும் மருந்து போட்டவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எந்தப் பொருளால் என்று அதில் பிரிக்கவில்லை, மருந்துதான் காரணம் என்று நிரூபித்ததும் அல்ல. ஆனாலும், எந்தக் குடும்பத்து மருந்தானாலும் எத்தனை முறை போடுகிறோம் என்பதைக் குறைக்க இதுவே போதும்.

4. உங்களுக்கு எது

கலர் இல்லாத, இதுவரை மருந்து படாத, மோதிர அளவுச் சுருள் என்றால் வீரியம் குறைந்த தயோ, அயர்ன் இல்லாமல். இதுதான் அதிகம் பேருக்குப் பொருந்தும், நிறுத்துகிற இடமும் நம் கையில் இருக்கும். அலை முடி, மெல்லிய இழை, அல்லது ஒரே கலர் பூசிய முடி என்றால் சிஸ்டமைன் போதும். ப்ளீச் செய்த முடிக்கு எதுவும் வேண்டாம். பழைய ரீபாண்டிங் நுனியில் மிச்சம் இருந்தால் அதைத் தொடாமல் வேர்ப்பக்கம் மட்டும் செய்யலாம், இல்லையென்றால் நுனியை வெட்டிவிட்டுச் செய்யலாம்.

சுருள் மிக நெருக்கமாக, பென்சில் பருமனில் இருந்தால் ஒரே தடவையில் தளர்த்தி முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளுக்குள் செய்து அடர்த்தியை மட்டும் குறைக்கலாம்: பின்கழுத்திலும் காதுக்கு மேலும் உள்ள அடி அடுக்கை மட்டும் தளர்த்திவிட்டு மேல் அடுக்கை அப்படியே விடுவது. பின்னல் போடுகிறவர்களுக்கு இது நன்றாக வரும், பின்னல் அடியில் குடைபோல விரிவது நின்றுவிடும். செலவும் பாதி.

முகூர்த்தம் நெருங்கியபின் செய்யாதீர்கள். குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் செய்தால், சரியாக வராவிட்டாலும் அலங்காரக்காரர் சமாளிக்க நேரம் இருக்கும்.

5. பார்லரில் உட்காருவதற்கு முன்

“இதுல கெமிக்கலே இல்லீங்க்கா, வெறும் புரோட்டீன்தான்.”

“அப்படியா ம்மா, டப்பாவக் கொஞ்சம் காட்டு, படிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்.”

இந்த ஒரு வரிப் பதிலே போதும். நல்ல இடமாக இருந்தால் உடனே எடுத்துக் கையில் கொடுப்பார்கள். லேபிள் இல்லாத லிட்டர் பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தால் எழுந்துவிடுங்கள். தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். சேர்மானப் பட்டியலை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை வேறு பார்லர் போனாலும் தேவைப்படும்.

பிறகு மூன்று கேள்வி. கிரீம் அலசியபின் அயர்ன் போடுவீர்களா? நியூட்ரலைசர் இதே கம்பெனியுடையதா? முடியின் நீளம் பார்த்து விலை சொன்னீர்கள், பாதி அடுக்குக்கு மட்டும் என்றால் எவ்வளவு? ‘அயர்ன் போடாம வராதுங்க்கா’ என்று அடித்துச் சொன்னால் அவர்களுக்கு நேராக்கத் தெரியும், தளர்த்தத் தெரியாது. கோபப்பட ஒன்றுமில்லை, வேறு கடை பாருங்கள்.

6. 48 மணி நேரமும் ஒரு கற்றையும்

காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கிரீமைத் துளி வைத்து, பெட்டியில் சொன்ன நேரத்தில் கழுவிவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அந்தக் கிரீம் உங்களுக்கு இல்லை.

இதைவிட முக்கியம் கற்றைச் சோதனை. பின்கழுத்தில் வெளியே தெரியாத இடத்தில் விரல் பருமனில் ஒரு கற்றை எடுத்து, கிரீம், அலசல், ரோலர், நியூட்ரலைசர் என்று முழு வேலையையும் அதில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய் வழக்கமான தண்ணீரில் ஒரு முறை குளித்து, தானாகக் காயவிட்டு, பக்கத்துக் கற்றையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தளர்வு போதுமா, நுனி கரகரவென்றிருக்கிறதா, இழுத்தால் தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். முன்நெற்றி முடி பின்கழுத்தைவிட மெல்லியது, அங்கே இதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. செய்கிற நாள்

முதல் நாள் எண்ணெய் வைக்காதீர்கள். தலையைச் சொறியாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிரீம் பட்டால் எரியும். பார்லரில் கண்டிஷனர் இல்லாமல் அலசி, முக்கால்வாசிக்கு மேல் காயவைத்து, நான்கு பாகமாகப் பிரிப்பார்கள்.

கிரீம் பின்கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். நெற்றியோரமும் கிருதாவும் கடைசி. தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விட்டுப் பூச வேண்டும். சீப்பை வைத்துக் கிரீமை இறுக்கி இழுத்து இழுத்துச் சீவினால், அந்த இழுப்பே நேராக்கிவிடும். அகலப் பல் சீப்பால் ஒரு முறை பரப்பினால் போதும்.

எட்டுப் பத்து நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்க வேண்டும். ஒரு கற்றையில் கிரீமைத் துடைத்துவிட்டு, விரலில் சுற்றி விட்டால் சட்டென்று பழைய சுருளுக்கு ஓடாமல் சோம்பலாகத் தொங்க வேண்டும். கிரீமோடு இருக்கும்போது முடி கனத்தில் நீண்டு, உண்மையைவிட அதிகம் தளர்ந்த மாதிரி தெரியும் என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம் விடத் தோன்றும். அந்த ஐந்து நிமிடம் வேண்டாம். கற்றைச் சோதனையில் குறித்த நேரம்தான் எல்லை. குறைவாகத் தளர்ந்ததைச் சில மாதம் கழித்துச் சரிசெய்யலாம், அதிகம் போனால் வெட்டத்தான் வேண்டும். தோல் எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே அலசச் சொல்லுங்கள்.

அலசல் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில். போர் தண்ணீர்தான் என்றால் கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர் கேட்பதில் வெட்கமில்லை. இரும்புச் சத்து மிகுந்த தண்ணீர் பெராக்சைடோடு சேர்வது முடிக்கு நல்லதல்ல. ஈரத்தை ஒற்றி எடுத்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோலரில் தளர்வாகச் சுற்றி, நியூட்ரலைசரை ஒவ்வொரு ரோலரும் ஊறும்படி ஊற்ற வேண்டும். பெட்டியில் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். கூட்டம் அதிகமுள்ள ஞாயிற்றுக்கிழமையில் குறைவது இந்த நேரம்தான். பிரித்த பிணைப்பு கோக்கப்படாமல் நின்றால் முடி சவசவவென்று ரப்பராகி, அடுத்த வாரம் சீப்போடு வரும். ஃபோனில் டைமர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

8. மூன்று நாளும் அதற்குப் பிறகும்

பெட்டியில் இரண்டு நாள் என்றால் இரண்டு, மூன்று என்றால் மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. பின்னல், ரப்பர் பேண்டு, கிளிப், ஹேர்பின் எதுவும் வேண்டாம். ஹேர்பின் இல்லாமல் பூ நிற்காது, ஆகவே அந்த மூன்று நாளும் பூவும் கிடையாது. கோயில் விசேஷம் இருக்கிற வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களும் யோசித்து நாள் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் சல்ஃபேட் இல்லாத ஷாம்பும் கண்டிஷனரும். அரப்பு போட்டே வளர்ந்த தலை என்றால் அதை விட வேண்டாம், ஆனால் இரண்டு வாரம் பொறுத்து, கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் ஊற்றுங்கள். தூளாக அப்பித் தேய்த்தால் மருந்து பட்ட முடி சிக்காகும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அப்படித்தான், இரண்டு வாரத்துக்குப் பின் தாராளமாக. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். குளிப்பதற்கு முன் வைப்பது நல்லது. கலர் அடிக்க வேண்டுமென்றால் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

9. வேர் வளரும்போது

மருந்து வேருக்குள் போவதில்லை. சுருட்டையைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் முடிக்குழியின் வடிவம், அதனால் புதிதாக வருவதெல்லாம் பழைய சுருட்டையாகவே வரும். மொட்டை போட்டால் சுருட்டை போய் நேராக முளைக்கும் என்று பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போகிறவர்கள் வேண்டுதலுக்காகப் போகட்டும், முடிக்காகப் போக வேண்டாம்.

ஆறு மாதத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். ரீபாண்டிங் செய்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் மேலே சுருட்டை, கீழே குச்சி என்று கோடு போட்ட மாதிரி தெரியும். தளர்த்தியவர்களுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், அதனால் அவசரப்பட்டு ஓட வேண்டியதில்லை. எட்டு மாதம், ஒரு வருடம்கூடத் தள்ளலாம். செய்யும்போது புது வேரில் மட்டும் கிரீம், பழைய பாகத்தில் கண்டிஷனர் தடவி மூடிவிடச் சொல்லுங்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மேலே மேலே கிரீம் ஏறினால் முடி முறிவது அங்கேதான். அதே சேர்மானமுள்ள கிரீமா என்று ஃபோனில் இருக்கும் படத்தோடு ஒத்துப் பாருங்கள், குடும்பம் மாறக்கூடாது.

போதும், பழைய சுருட்டையே இருக்கட்டும் என்று தோன்றினால் டச்-அப் செய்யாமல் விட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியை வெட்டிக்கொண்டே வரலாம். தோள் வரைக்கும் முடி வைத்திருப்பவர்களுக்கு இரண்டரை வருடத்துக்குள் மருந்து பட்ட முடி முழுக்கப் போய்விடும். இடுப்பு வரை வைத்திருப்பவர்கள் ஒரேயடியாகத் தோள் அளவுக்கு வெட்ட மனம் வந்தால் அந்தக் கணக்கு, வராவிட்டால் அதைப் போல இரண்டு மடங்கு.